பைப்பர் கப்பா, ஏரோங்கா சாம்பா?

அமெரிக்காவின் பழைய பயிற்சி விமானம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது மஞ்சள் நிறப் பைப்பர் ஜே-3 கப்தான். 1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 கப்கள் தயாராயின. அரசு 1939 முதல் 1944 வரை நடத்திய குடிமக்கள் விமானிப் பயிற்சித் திட்டத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பறக்கக் கற்றனர். அவர்களில் மிகப் பலருக்குக் கப்தான் முதல் விமானம். அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் இன்று பறக்கக் கற்க விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது ஏரோங்கா 7ஏசி சாம்ப்.

சாம்ப் 1945-இல் ஒஹாயோ மாநிலத்து மிடில்டவுனிலிருந்து விற்பனைக்கு வந்தது. இரண்டிலும் பெரும்பாலும் 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின், ஒன்றன்பின் ஒன்றாக இரு இருக்கைகள், துணி போர்த்திய உடல், வால் சக்கரம். ஸ்டார்ட்டர் கிடையாது, புரொப்பெல்லரைக் கையால்தான் சுழற்ற வேண்டும்.

பெரிய வேறுபாடு, விமானி உட்காரும் இடம். கப்பில் தனியாகப் பறப்பவர், எடைச் சமநிலைக்காகப் பின் இருக்கையில் அமர வேண்டும். தரையில் ஓடும்போது மூக்குப் பகுதி பாதையை மறைத்துவிடும். இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் செலுத்த முடியும். ஆசிரியர் முன்னால் இருந்தால் கருவிகளை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். சாம்பில் மாணவர் முன் இருக்கையில் அமர்கிறார். பாதை தெரிகிறது, கருவிகள் கண்ணெதிரே இருக்கின்றன. முதல் சில மணி நேரப் பயிற்சியில் இது எவ்வளவு பெரிய நிம்மதி!

சக்கரக் கால்களை ரப்பர் நாண்கள் தாங்கும் கப், சற்றே தவறாக இறக்கினாலும் துள்ளும். சாம்பின் எண்ணெய் அதிர்வுத்தாங்கி அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வேகத்திலும் சாம்ப் கொஞ்சம் முந்தும்.

சாம்பைச் சாய்த்துத் திருப்பும்போது மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இதுவே அதன் சிறந்த குணம். சுக்கான் மிதியைக் காலால் சரியாக அழுத்தும் வழக்கம் மாணவருக்குத் தானாகவே வந்துவிடும்.

கப்பில் ஈடே இல்லாத ஒன்று அதன் கதவு. கோடை மாலையில் அதைத் திறந்து வைத்தபடியே வயல்களுக்கு மேல் தாழப் பறக்கலாம். அந்த இன்பத்துக்காகவும் பெயருக்காகவும்தான் பழைய விமானச் சந்தையில் அதன் விலை ஏறி நிற்கிறது.

சாம்ப் வாங்குவோர் ஒன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது: இறக்கையின் நீளச்சட்டங்கள் மரத்தாலானவை. விரிசல் இருக்கிறதா என்று தேர்ந்த மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகே பணத்தை எடுங்கள்.