ஒரே மூலநிரலா, இரண்டு பிரதிகளா? லினக்ஸ் வழியும் நெட்பிஎஸ்டி வழியும்

2002 மார்ச்சில் இசட்லிப் என்ற தரவுச் சுருக்க லைப்ரரியில் ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரே மெமரித் துண்டை இரண்டு முறை விடுவிக்கும் பிழை. 1.1.4 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் வேலை அத்தோடு முடியவில்லை. அந்த லைப்ரரியை நகலெடுத்துத் தங்களுக்குள் வைத்திருந்த நிரல்கள் பல. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் அவற்றில் ஒன்று. பொது லைப்ரரியை மாற்றியவர்கள் கெர்னலையும் தனியாக மாற்ற வேண்டியிருந்தது.

பிறகு ஏன் நகல்? எல்லா நிரல்களும் பயன்படுத்தும் லைப்ரரியையே கெர்னலும் அழைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கம்பைல் ஆன வடிவில், அதாவது சிப் நேரடியாக ஓட்டும் பைனரியாக, அது நடக்காது. 64 பிட் இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் லினக்ஸ் நிரல்கள் பின்பற்றும் மரபுப்படி, ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தற்காலிக மதிப்புகளை வைக்கும் மெமரி) முனைக்குக் கீழே உள்ள 128 பைட்டை ஒரு ஃபங்ஷன் ஒதுக்கிக்கொள்ளாமலே பயன்படுத்தலாம். அதற்கு ரெட் ஸோன் என்று பெயர். கெர்னல் ஓடும்போது இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைநிறுத்தும் வன்பொருள் அழைப்பு) வந்தால், சிப் அதே ஸ்டாக்கில் எழுதி அந்த 128 பைட்டை அழித்துவிடக்கூடும். அதனால் கெர்னலை ரெட் ஸோன் இல்லாமல்தான் கம்பைல் செய்கிறார்கள். ஸ்டாக்கும் சின்னது: கெர்னலில் 16 கிலோபைட், பயனர் நிரலுக்கு வழக்கமாக 8 மெகாபைட்.

சரி, பைனரியை விட்டுவிடுவோம். மூலநிரலைப் பகிரலாமா?

நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளம் பகிர்கிறது. அதன் மூலநிரல் மரத்தில் ‘காமன்’ என்றே ஒரு அடைவு இருக்கிறது. ஸ்ட்ரிங் ஃபங்ஷன்கள், ஷா வகை ஹாஷ்கள், ரெட்-பிளாக் மரம் என்ற தரவு அமைப்பு எல்லாம் அங்கே ஒரே பிரதி. கெர்னலுக்காக ஒரு முறை, பயனர் நிரல்கள் அழைக்கும் சி லைப்ரரிக்காக ஒரு முறை கம்பைல் ஆகும். வேறுபடும் வரிகளை மட்டும் ஒரு மேக்ரோ பிரித்துக்கொடுக்கும். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. பிழையை ஒரே இடத்தில் திருத்தினால் போதும் என்பதைவிடப் பெரிய லாபம் சோதனையில்: சாதாரண நிரலாக ஓட்டி, டீபக்கரில் நிறுத்திப் பார்த்த அதே வரிகள்தான் கெர்னலுக்குள்ளும் போகின்றன.

லினக்ஸால் இதை அப்படியே செய்ய முடியாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. நெட்பிஎஸ்டியில் கெர்னலும் சி லைப்ரரியும் ஒரே மரத்தில், ஒரே குழுவின் கையில் இருக்கின்றன. லினக்ஸ் கெர்னல் வேறு, அதனோடு வழக்கமாக வரும் சி லைப்ரரியான ஜிலிப்சி வேறு. ஆட்களும் வேறு, உரிமமும் வேறு. கெர்னல் மரத்துக்குள்ளேயே வளரும் பெர்ஃப் என்ற வேகம் அளக்கும் கருவி ஒரு காலத்தில் கெர்னல் கோப்புகளை நேரடியாக எடுத்துக்கொண்டது. கெர்னல் பக்கம் யாரோ ஒன்றை மாற்ற, பெர்ஃபின் பில்ட் உடையும். இப்போது நகல் வைத்துக்கொண்டு, பில்டின்போது மூலத்தோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் எச்சரிக்கை மட்டும் தருகிறது. நகல் வைத்தே தீரவேண்டும் என்றால் இப்படிக் காவலோடு வைப்பதுதான் முறை.

ஆனால் எல்லாவற்றையும் பகிரக்கூடாது என்பதும் உண்மை. வரிசைப்படுத்தும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிலிப்சி நெடுங்காலமாக மெர்ஜ் சார்ட் என்ற முறையை நம்பியது. அதற்குத் தற்காலிக மெமரி வேண்டும். கெர்னலில் ஹீப் சார்ட். குவிக் சார்ட் என்ற இன்னொரு முறை சராசரியில் சற்று வேகம் என்று கெர்னலின் அந்தக் கோப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் கூடுதல் மெமரி கேட்கும், மோசமான உள்ளீட்டைக் கொடுத்து அதை முடக்கவும் முடியும் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள். செய்யும் வேலை ஒன்று, தேவை வேறு.

பிரிவு எங்கே விழுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் மெமரி கேட்கும் இடத்தில்தான். இசட்ஸ்டாண்டர்ட் சுருக்க லைப்ரரி 2017இல் கெர்னல் 4.14க்குள் கையால் திருத்திய நகலாக வந்தது. பிறகு மூலத்தைவிடப் பின்தங்கிப்போனது. 2022 ஜனவரியில் வந்த 5.16இல், மூலத்திலிருந்தே தானியங்கியாக நகலை உருவாக்கும் முறைக்கு மாறினார்கள். கெர்னலில் அது தானாக மெமரி கேட்பதில்லை. அழைப்பவரே முன்கூட்டி இடம் ஒதுக்கிக் கொடுப்பார். வெளியிலிருந்து வரும் பெரிய லைப்ரரிகளுக்கு இந்த வழியையே நான் தேர்வு செய்வேன். மெமரியே கேட்காத சின்ன ஃபங்ஷன்களுக்கு, இரண்டு பக்கமும் ஒரே குழுவிடம் இருந்தால், நெட்பிஎஸ்டி வழி.

ரஸ்ட் மொழி கெர்னலுக்குள் வந்தபோதும் இதே கதைதான். அதன் ‘கோர்’ லைப்ரரி எந்த மாற்றமும் இல்லாமல் உள்ளே நுழைந்தது. மெமரி ஒதுக்கும் ‘அலாக்’ லைப்ரரிக்கு முதலில் திருத்திய நகல் வைத்தார்கள். பிறகு அந்த நகலைக் கைவிட்டு, கெர்னலுக்கென்றே சொந்தமாக எழுதிக்கொண்டார்கள்.