இ.பி.எஸ். பென்ஷன்: 55லா, 58லா, 60லா?

இ.பி.எஸ். என்பது பி.எஃப்.போடு சேர்ந்த ஊழியர் பென்ஷன் திட்டம். பி.எஃப். பிடிக்கும் வேலையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு 50 வயது தாண்டியதும் இந்தக் கேள்வி வந்துவிடும். பென்ஷனை இப்போதே வாங்கலாமா, 58 வரை இருக்கலாமா, 60 வரை தள்ளிப்போடலாமா? கேட்டால் "பொறுத்தா கூடும்" என்பார்கள். கூடும்தான். ஆனால் எவ்வளவு கூடும், அதற்கு எவ்வளவை விடுகிறோம் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

முதலில் சூத்திரம். சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் என்றால் கடைசி 60 மாதச் சராசரி. கூடுதல் பென்ஷனுக்கு விருப்பம் கொடுத்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பரில் வைத்த 15,000 ரூபாய் வரம்பை வைத்தே இங்கே கணக்குப் போடுகிறேன். ஒருவருக்கு 58 வயதில் மாதம் 5,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்வோம்.

50 வயதிலிருந்தே முன்கூட்டி வாங்கலாம், ஆனால் வேலையை விட்டிருக்க வேண்டும். 58க்கு எத்தனை ஆண்டு குறைகிறதோ, ஆண்டுக்கு 4 சதவீதம் வெட்டு. 55ல் வாங்கினால் 5,000 ஏறக்குறைய 4,400 ஆகிவிடும். 58 வந்ததும் பழைய தொகைக்குத் திரும்பாது, கடைசிவரை அதே வெட்டுதான். பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் 1,58,000 ரூபாய்க்கு மேல் கைக்கு வந்துவிடுகிறது. மாதம் 600 ரூபாய் இழப்பில் அந்தத் தொகை கரைய 22 ஆண்டுகள் ஆகும். அதாவது 80 வயதில்தான் 58ல் வாங்கியவர் இவரை எட்டிப்பிடிப்பார். போதாததற்கு இ.பி.எஸ்.ஸில் பஞ்சப்படி கிடையாது. விலைவாசி ஏறினாலும் தொகை ஏறாது. இன்றைய 4,400 ரூபாய்க்கு வாங்கும் அரிசியை 20 ஆண்டு கழித்து வரும் 5,000 ரூபாய் வாங்கித் தராது.

என் சித்தப்பா நூற்பாலையில் வேலை பார்த்தார். ஆலை மூடியபோது அவருக்கு 54. காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் பேனாவால் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "நாலு பர்சன்ட் போகுதேடா, விடலாமா?" என்றார். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய ஒரு லட்சம், நூற்றுக்கு இரண்டு வட்டி. மாதம் 2,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. ஆண்டுக்கு 24 சதவீத வட்டி கட்டிக்கொண்டு, 4 சதவீத வெட்டுக்கு அஞ்சிப் பென்ஷனை விட்டுவைப்பதா? வாங்குங்கள் என்றேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் மறுபடி வேலை கிடைக்கும், உடம்பும் இடம் கொடுக்கும் என்றால் முன்கூட்டி வாங்குவது தவறு. நஷ்டம் அந்த 4 சதவீதத்தில் இல்லை, சேவை ஆண்டுகள் அதோடு நின்றுபோவதில் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டுச் சேவைக்கும் 15,000 ரூபாய் கணக்கில் மாதம் 214 ரூபாய் பென்ஷன் சேர்கிறது. அப்படிப்பட்டவர்கள் 10சி படிவம் கொடுத்து, இதுவரையான சேவைக்குச் சான்றான ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். பழைய சேவை புது வேலையோடு சேர்ந்துகொள்ளும்.

58 பற்றி நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: வேலையில் இருந்துகொண்டே பென்ஷன் வாங்கலாம். 58 முடிந்ததும் முதலாளி பங்கிலிருந்து மாதாமாதம் பென்ஷன் கணக்குக்குப் போன 1,250 ரூபாயும் பி.எஃப்.பிலேயே சேரும். சம்பளம் ஒரு பக்கம், பென்ஷன் ஒரு பக்கம்.

இனி 60. இந்தச் சலுகை 2016ல் வந்தது. ஓராண்டு தள்ளினால் 4 சதவீதம், இரண்டு ஆண்டு தள்ளினால் 8.16 சதவீதம் கூடும். இதில் இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பணம் கட்டாமல் சும்மா தள்ளிப்போட்டால் 5,000 ரூபாய் 5,408 ஆகும். அந்த 408 ரூபாய்க்காக 24 மாதப் பென்ஷன், 1,20,000 ரூபாயை விடுகிறோம். அது திரும்பி வர 84 வயது தாண்டிவிடும். இதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

வேலையில் இருந்து, பங்களிப்பும் தொடர்ந்தால் கதையே வேறு. இரண்டு ஆண்டுச் சேவை கூடுகிறது, அதன்மேல் 8.16 சதவீதமும் ஏறுகிறது. 5,000 ரூபாய் 5,871 ஆகும். விட்ட பென்ஷனும், மாதம் 1,250 வீதம் பி.எஃப்.பில் சேராமல் பென்ஷன் கணக்குக்குப் போன 30,000 ரூபாயும் சேர்ந்தால் ஒன்றரை லட்சம், அது 74 வயதை ஒட்டி ஈடாகிவிடும். பி.எஃப். வட்டியையும் சேர்த்துப் பார்த்தால் ஈடாகும் வயது இன்னும் தள்ளிப்போகும். சம்பளம் வருகிறது, சர்க்கரை, இதயம் என்று பெரிய தொந்தரவு இல்லை, பெற்றவர்களும் நீண்ட ஆயுள் இருந்தவர்கள் என்றால் இந்த வழிதான் என் தேர்வு. கடன் இருந்தாலோ, உடம்பு சொன்னபடி கேட்காவிட்டாலோ 58 தாண்டி ஒரு மாதம்கூடக் காத்திருக்காதீர்கள்.

எந்த வயதைத் தேர்ந்தாலும், பென்ஷன் கேட்டுக் கொடுக்கும் 10டி படிவத்தில் கணவன், மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ ஒட்ட வேண்டும். ஸ்டுடியோவிலிருந்து திரும்பும் வழியில்தான் சித்தி முதல்முறையாகக் கேட்டார், "இவருக்கப்புறம் எனக்கு எவ்வளவு வரும்?" பாதி. 4,400 என்றால் 2,200, 5,871 என்றால் 2,935. சித்தப்பாவின் காலண்டர் தாளில் அந்த வரி இல்லை. மனைவி வயதில் மிக இளையவர், அவருக்கென்று வேறு வருமானமும் இல்லை என்றால் கணக்கை அந்த வரியிலிருந்தே தொடங்குங்கள்.