தகரக் கத்திரியிலிருந்து நகை ரம்பத்துக்கு: ஆறு வருட அனுபவம்

ரயில் எஞ்சின் மாடல் செய்ய அட்டையை விட்டுத் தகட்டுக்கு மாறி ஆறு வருடம் ஆகிறது. முதலில் வாங்கியது தகரக் கத்திரிகள்தான், மூன்று நிறப் பிடிகளிலும். நேராக வெட்ட மஞ்சள், இடப்பக்கம் வளைத்து வெட்டச் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. கூரை வேலைக்கு அருமையான கருவி. 0.3 மி.மீ. பித்தளையில் வைத்தால் ஓரம் காய்ந்த இலை மாதிரி சுருண்டுவிடும். வாயிலிருக்கும் பற்கள் வேறு பொடிப்பொடியாகத் தடம் பதிக்கும். தட்டி நிமிர்த்திவிட்டோம் என்று நினைப்போம்; பெயிண்ட் அடித்த பிறகு அலை அலையாகத் தெரியும்.

நேர்க்கோட்டுக்கு இப்போது கத்திரியைத் தொடுவதே இல்லை. அக்ரிலிக் ஷீட் கீறுகிற கொக்கிக் கத்தி போதும். சாதாரணக் கத்தி உலோகத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கி மேடாக்கும். கொக்கி மெல்லிய சுருளாகச் சீவி எடுக்கும். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பின்பக்கம் கோடு லேசாகத் தெரியும்வரை கீறி, முன்னும் பின்னும் மடக்கினால் உடைந்து வந்துவிடும். காய்ச்சி மென்மையாக்கிய பித்தளையில் மட்டும் இது சரிப்படாது. உடையாமல் வளைந்துகொண்டே இருக்கும்.

ஜன்னலும் வளைவும்தான் என்னை அழவைத்தவை. நகை வேலைக்கான ரம்பம் வாங்கினேன். பற்கள் கைப்பிடியைப் பார்த்திருக்க வேண்டும். கீழே இழுக்கும்போதுதான் வெட்டும். சுண்டினால் 'டிங்' என்று கேட்குமளவு பிளேடு இறுக்கமாக இருக்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அப்படியும் முதல் வாரத்திலேயே ஒரு டஜன் பிளேடு போனது.

கோளாறு பிளேடில் இல்லை. தகட்டின் தடிமனுக்குள் குறைந்தது இரண்டு பற்களாவது நிற்க வேண்டும். 4/0 என்கிற மிக மெல்லிய பிளேடில்கூட ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.3 மி.மீட்டரை விட அதிகம். அதனால் தகட்டின் விளிம்பு இரண்டு பல்லுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும், படக்கென்று முறியும். தகட்டை 3 மி.மீ. பிளைவுட் மேல் ஒட்டி, வரைபடத்தை அதன்மேல் ஒட்டி, மூன்றையும் சேர்த்து அறுக்க ஆரம்பித்தேன். பிளேடு முறிவது அநேகமாக நின்றது. தகடு துடிப்பதில்லை, பிசிறும் குறைவு.

பிரித்தெடுக்கும்போது அவசரப்படாதீர்கள். இரண்டு மாலை உட்கார்ந்து அறுத்த கேபின் சுவரைப் பலகையிலிருந்து பிய்த்து வளைத்துவிட்டேன். இப்போதெல்லாம் சூப்பர் க்ளூவில் ஒட்டி, காற்றோட்டமான இடத்தில் அசிட்டோனில் ஊறவைக்கிறேன். தானாகக் கழன்று வரும்.

சுழலும் வெட்டுச் சக்கரத்தை இரண்டு முறை முயன்று விட்டுவிட்டேன். தகடு சூடாகி நெளிகிறது, சக்கரம் தெறித்து உடைகிறது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பக்கத்திலேயே போகாதீர்கள். ஒரே மாதிரி இருபது துண்டு வேண்டுமானால் பித்தளையைக் கரைக்கும் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் அரிக்கலாம். ஆனால் அந்தக் கறை துணியை விட்டுப் போகாது.

மஞ்சள் கத்திரிக்கு இன்னும் வேலை இருக்கிறது: பெரிய ஷீட்டிலிருந்து கோட்டுக்கு அரை விரல் தள்ளித் துண்டு போட. சிவப்பும் பச்சையும் எண்ணெய் தடவிய தாளில் சுற்றியபடி டிராயரில் கிடக்கின்றன. கூரை வேலை இருப்பவர்கள் கேட்டால் தருகிறேன்.