செல்போனா, வயர்லெஸ்ஸா, டாட் பட்டனா? வடசென்னைக் கடலில் ஆபத்து என்றால் எது கைகொடுக்கும்

காசிமேட்டில் ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பிக் கிளம்பும் ஒரு விசைப்படகில் உதவி கேட்க இன்று பல வழிகள் இருக்கின்றன. டிரைவர் சட்டைப்பையில் செல்போன் இருக்கும். வீல் ஹவுஸில், அதாவது படகை ஓட்டும் அறையில், வி.எச்.எஃப். என்ற கடல் வயர்லெஸ் இருக்கும். செயற்கைக்கோள் வழியாக ஆபத்தைத் தெரிவிக்கும் டாட் கருவியோ, புதிதாக வந்துள்ள, குறுஞ்செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டரோ இருக்கலாம். வசதியுள்ள படகுகளில் இபிர்ப் (EPIRB) என்ற, மிதந்தபடி அபாயச் சைகை கொடுக்கும் கருவியும் உண்டு. இவற்றில் எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் "எவ்வளவு தூரம் எடுக்கும்?" என்றுதான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இதில் கூப்பிட்டால் யார் காதில் விழும் என்பதுதான்.

செல்போனில் கூப்பிட்டால் ஒருவருக்குத்தான் கேட்கும். டாட் பட்டனை அழுத்தினால் கரையிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். அபாய அழைப்புக்கான வி.எச்.எஃப். 16-ம் சேனலில் பேசினால் சுற்றுவட்டாரத்தில் செட்டைத் திறந்து வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். தண்ணீரில் விழுந்தவனுக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

நம் கடலுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. தாழங்குப்பத்திலிருந்தோ நெட்டுக்குப்பத்திலிருந்தோ ஃபைபர் படகில் போகிறவர் கண்ணுக்கு எந்நேரமும் ஏதாவது ஒரு கப்பல் தெரியும். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதை எண்ணூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு நெரிசலான கடல். அந்த நெரிசல் ஆபத்துதான், ஆனால் உதவி கேட்கும் நேரத்தில் அதுவே பலமும் ஆகிறது. சர்வதேச விதிப்படி பெரிய கப்பல்கள் 16-ம் சேனலைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அபாய அழைப்பைக் கேட்ட கேப்டன், தன்னால் முடிந்தால் உதவிக்குப் போயே ஆக வேண்டும் என்பதும் விதி. அரை மணி தூரத்தில் நிற்கும் அந்தக் கப்பலுக்கு நம் டாட் சைகை நேராகப் போய்ச் சேராது. செல்போன் நம்பர் இருக்கவே இருக்காது. வி.எச்.எஃப். மட்டும்தான் அதோடு நேரடியாகப் பேசும்.

அதனால் என் முதல் ஓட்டு வி.எச்.எஃப்.-க்கு. குறைகளையும் சொல்ல வேண்டும். இதன் அலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும், கடலின் வளைவுக்கு அப்பால் அவ்வளவாக எட்டாது. அதனால் ஆன்டெனாவின் உயரம்தான் தூரத்தைத் தீர்மானிக்கிறது. ஃபைபர் படகில் உட்கார்ந்தபடி கையடக்க செட்டில் பேசினால், அதேபோன்ற இன்னொரு படகுக்கு 5, 6 நாட்டிக்கல் மைல் வரை எட்டலாம். உயரமான கப்பலோடு பேசினால் அது 10, 15 மைல் வரை போகும். விசைப்படகில் கம்பத்தின் உச்சியில் ஆன்டெனா வைத்து 25 வாட் செட்டில் பேசினால், உயரமான கரை நிலையத்துக்கு 20 மைல் வாக்கில் எட்டும். அதைத் தாண்டிப் போனால் கரைக்கு நேரடியாகக் கேட்கும் என்று நம்ப முடியாது. அப்போது நடுவில் இருக்கும் படகுகள்தான் சேதியை வாங்கிக் கடத்த வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று அறிவிக்கும் சொல் "மேடே". அடுத்தவர் சார்பில் அதைக் கடத்தும்போது "மேடே ரிலே" என்று சொல்லிவிட்டு, எந்தப் படகுக்கு என்ன ஆபத்து, எந்த இடம் என்று நாம் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதற்கு எந்தப் படகுக்கும் உரிமை உண்டு. பக்கத்துப் படகின் கதறலைக் கேட்டால் செய்ய வேண்டியதும் அதுதான்.

இன்னொரு சிக்கல், செட் இருந்தும் 16-ல் இல்லாமல் போவது. மீன்பாட்டையும் விலையையும் பேச ஒவ்வொரு கூட்டமும் ஒரு சேனலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதிலேயே கிடக்கிறது. ஆபத்து வந்ததும் அதே சேனலில் கத்தினால் சொந்தக்காரப் படகுகளுக்கு மட்டுமே கேட்கும். இரண்டு சேனலையும் மாறி மாறிக் கேட்கும் வசதி அநேக செட்டுகளில் இருக்கிறது, அதைப் போட்டு வையுங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண வாக்கி டாக்கியை வாங்கி வந்து கடல் வயர்லெஸ் என்று நம்ப வேண்டாம். 16-ம் சேனல் என்பது 156.8 மெகாஹெர்ட்ஸ். கடல் பயன்பாட்டுக்கென்றே செய்து, முறையாக அனுமதி பெற்ற செட்டாக இருக்க வேண்டும்.

புது செட் வாங்குபவர்கள் டி.எஸ்.சி., அதாவது பேசாமலே பட்டனால் அபாய அழைப்பு அனுப்பும் வசதி, உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. மூடி போட்ட சிவப்புப் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், 70-ம் சேனலில் படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணையும் இருக்கும் இடத்தையும் அதுவே அனுப்பும். பதில் வரும்வரை சுமார் 4 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்பும். இந்தியப் படகுகளின் எண் 419 என்று தொடங்கும். அந்த எண்ணைப் பதிய வேண்டும், ஜி.பி.எஸ். ஒயரையும் செட்டில் இணைக்க வேண்டும். இரண்டையும் செய்யாத சிவப்புப் பட்டன் வெறும் அலங்காரம்.

அடுத்தது டாட். இஸ்ரோ உருவாக்கிய இந்தக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. தீ, படகு மூழ்குதல், மருத்துவ உதவி என்று என்ன ஆபத்து என்பதையும் இடத்தையும் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்கு அனுப்பும். அந்த மையம் சென்னையிலேயே இருக்கிறது. 40 மைலோ 100 மைலோ, தூரம் இதற்குப் பொருட்டில்லை. பழைய டாட்டில் பெரிய குறை, அழுத்தியவனுக்குச் சேதி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. இருட்டில், அலைக்கு நடுவில், பதில் இல்லாமல் காத்துக் கிடப்பது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். 2024-ல் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறை டாட் அந்தக் குறையைத் தீர்த்தது. சேதி கிடைத்தது என்ற ஒப்புதல் படகுக்கே திரும்பி வரும், புயல் எச்சரிக்கையும் வரும். பழைய டாட் வைத்திருப்பவர்கள் மாற்ற வழியிருந்தால் மாற்றிவிட வேண்டும் என்பேன்.

படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டரும் இந்த வகைதான். 1 லட்சம் படகுகளுக்கு இதைக் கொடுக்கும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தொடங்கி வைத்தார். செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் இருபக்கமும் குறுஞ்செய்தி அனுப்பலாம். எங்கே மீன் பிடிக்கிறோம் என்று தெரிந்துவிடுமே என்று அதை அணைத்து வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

இபிர்ப் விலை கூடியது. ஆனால் மற்ற எதற்கும் இல்லாத ஒரு குணம் அதற்கு இருக்கிறது. படகு திடீரென்று கவிழ்ந்து, யாரும் எந்தப் பட்டனையும் தொட நேரமில்லாமல் போனாலும், தானாக விடுபடும் வகை இபிர்ப் தண்ணீர் அழுத்தத்தில் கழன்று மேலே மிதந்து வந்து சைகை கொடுக்கும். 406 மெகாஹெர்ட்ஸில், குறைந்தது 48 மணி நேரம். அந்தச் சைகை பெங்களூரில் உள்ள இஸ்ரோ மையத்துக்குப் போய், அங்கிருந்து மீட்பு மையத்துக்கு வரும். பல நாள் தங்கித் தொழில் செய்யும் படகுகளுக்கு இதை நான் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன்.

செல்போனைக் கடைசியில் வைக்கிறேன், தூக்கிப் போடச் சொல்லவில்லை. கரையோரமாகப் போகும் ஃபைபர் படகுக்குச் சிக்னல் இருக்கும்வரை 1554-க்கு அடித்தால் கடலோரக் காவல்படை, 1093-க்கு அடித்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ். நிதானமாக, தமிழிலேயே விவரம் சொல்லலாம். ஆனால் சார்ஜ் தீரும், நனையும். சிக்னல் எந்த இடத்தில் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. வீட்டுக்கு அடித்து அவர்கள் வழியாகச் சொல்லப் பார்ப்பதால் நேரம்தான் போகிறது. சாட்டிலைட் போன் ஆசை உள்ளவர்கள் பி.எஸ்.என்.எல். வழியாக அனுமதியோடுதான் வாங்க வேண்டும். துரையா, இரிடியம் போன்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருப்பது இங்கே குற்றம்.

வயர்லெஸ்ஸில் பேசப் பலர் தயங்குவது இங்கிலீஷுக்குப் பயந்துதான். வேண்டியது சில சொற்கள்தான். ஓர் அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதி செட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம்:

"மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் ஃபிஷிங் போட்", படகின் பெயர் மூன்று முறை. "மேடே", மறுபடி பெயர், பதிவு எண். "பொசிஷன் ஒன் த்ரீ டிகிரி ஒன் ஃபைவ் மினிட்ஸ் நார்த், எயிட் ஜீரோ டிகிரி ஃபோர் ஜீரோ மினிட்ஸ் ஈஸ்ட். சிங்கிங். எயிட் பர்சன்ஸ். நீட் ஹெல்ப். ஓவர்."

"சிங்கிங்" என்றால் படகு மூழ்குகிறது, "எயிட் பர்சன்ஸ்" என்றால் படகில் எட்டுப் பேர், "ஓவர்" என்றால் நான் முடித்தேன், நீங்கள் பேசுங்கள். நான் எழுதியிருக்கும் இடம் எண்ணூருக்கு நேர் கிழக்கே 20 மைல் வாக்கில் வரும். உங்கள் ஜி.பி.எஸ். காட்டுகிற எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். பட்டனை விட்டுவிட்டுப் பதிலுக்குக் காதைக் கொடுங்கள், வராவிட்டால் மறுபடி சொல்லுங்கள். டிரைவர் மட்டும் இதைத் தெரிந்து வைத்திருப்பது போதாது. அவரே கடலில் விழுந்திருந்தால் யார் பேசுவது? படகில் ஏறும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது செட்டை அணைத்து வைத்துக்கொண்டு இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, உண்மையான ஆபத்து என்றால் என் வரிசை இது: ஒருவர் டாட்டையோ டிரான்ஸ்பாண்டரையோ அழுத்தட்டும், அதே நேரத்தில் இன்னொருவர் 16-ல் மேடே கொடுக்கட்டும். ஒன்று மீட்பு மையத்துக்குப் போகிறது, மற்றது பக்கத்துக் கப்பலுக்குப் போகிறது. ஒன்றின் பதிலுக்காக மற்றதை நிறுத்தி வைக்கக் கூடாது. படகை விட்டு இறங்கும் நிலை வந்தால் இபிர்ப்பும் கையடக்க செட்டும் கூட வர வேண்டும்.

எந்தக் கருவி வாங்கினாலும் அதன் பேட்டரியை எங்கே வைக்கிறோம் என்று பாருங்கள். தண்ணீர் முதலில் ஏறுவது இன்ஜின் ரூமில்தான். வயர்லெஸ் பேட்டரியும் அங்கேயே இருந்தால், மேடே சொல்ல வேண்டிய நிமிடத்தில் செட் செத்துப்போகும். அதற்கென்று தனியாக ஒரு பேட்டரியை மேலே, வீல் ஹவுஸில் வையுங்கள். கை தவறி யாராவது பட்டனை அழுத்திவிட்டால், திட்டுவார்கள் என்று பயந்து கருவியை அணைத்து ஒளித்து வைக்காதீர்கள். உடனே 16-லோ 1554-லோ படகின் பெயரைச் சொல்லி, தவறுதலாக அழுத்திவிட்டோம், எல்லோரும் நலம் என்று தெரிவித்துவிடுங்கள். சொல்லாவிட்டால் கப்பலும் விமானமும் உங்களைத் தேடிக்கொண்டிருக்கும், அதே நேரம் வேறொரு படகு நிஜமாகவே மூழ்கிக்கொண்டிருக்கலாம்.