செல் மாற்றியும் ரிமோட் சாவி மக்கர் செய்கிறதா? பட்டனைப் பாருங்கள்

"கார் ரிமோட்ல லாக் ஆகுது, அன்லாக் ஆகல. நாலு தடவை அழுத்தினா ஒரு தடவை லைட் எரியுது. உள்ள இருக்குற பேட்டரி செல் புதுசு. சர்வீஸ் சென்டர்ல முழு சாவியும் மாத்தணும்னு சொல்றாங்க. மாத்திடவா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மாற்ற வேண்டாம். இந்த மடக்கு வகை ஃபிளிப் சாவியைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிற அனுபவத்தில் சொல்கிறேன்: உள்ளே இருக்கும் ரேடியோவும் சிப்பும் அருமையான சரக்கு. அவற்றின் மேல் சில ரூபாய் பெறுமான ஒரு சுவிட்சை வைத்து மொத்தத்தையும் கெடுத்திருக்கிறார்கள்.

சாவியைத் திறப்பதற்கு முன் கோளாறு காரிலா சாவியிலா என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து அழுத்துங்கள். அதுவும் வேலை செய்யாவிட்டால் சந்தேகம் காரின் மேல்தான் திரும்ப வேண்டும்: 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கலாம், சென்ட்ரல் லாக் ஃபியூஸ் போயிருக்கலாம், ஏதாவது ஒரு கதவு சரியாகச் சாத்தாமல் இருக்கலாம். இக்னிஷன் ஆனில் இருந்தால் பெரும்பாலான கார்கள் ரிமோட்டைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், காரை அங்கிருந்து நகர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். இந்தியாவில் ஓடும் கார்களின் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. வயர்லெஸ் காலிங் பெல், கேட் ரிமோட் எல்லாம் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன.

அடுத்தது செல். பல சாவிகளில் சிஆர்2032 இருக்கும். குறுக்களவு 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ. கடையில் அது இல்லை என்று சிஆர்2025 கொடுத்தால் வாங்காதீர்கள். அதே 3 வோல்ட்தான், ஆனால் 0.7 மி.மீ. மெலிசு. முதல் நாள் வேலை செய்யும், பிறகு சாவியை ஒரு பக்கமாக அமுக்கினால்தான் ஓடும். பாக்கெட்டைப் பிரித்ததும் செல்லின் ஓரத்தைப் பிடித்து எடுங்கள், அதன் தட்டையான பக்கங்களில் விரல் படக்கூடாது. குழந்தைகள் விழுங்காமல் இருப்பதற்காகக் கசப்புப் பூச்சு பூசிய செல்களும் விற்கிறார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் அந்தப் பூச்சு டெர்மினல் தொடும் இடத்தில் இருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் அந்த இடத்தை அழுத்தித் துடைத்தால் சரியாகிவிடும். கழற்றிய பழைய செல்லை மேஜையில் விடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடும்.

மல்டிமீட்டரில் 2.9 வோல்ட் காட்டுகிறது, அதனால் செல் நன்றாக இருக்கிறது என்று பலரும் முடிவு கட்டுகிறார்கள். சும்மா இருக்கும்போது எந்த செல்லும் நல்ல பிள்ளைதான். பட்டனை அழுத்தும்போது ரேடியோ இழுக்கும் மின்சாரத்தில்தான் அதன் குணம் தெரியும். 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செல்லின் இரு பக்கமும் தொடும்படி வைத்து, அதே நேரத்தில் அளந்து பாருங்கள். 2.7-க்கு மேல் நின்றால் செல் நல்லது. 2.5-க்குக் கீழே சரிந்தால் தூக்கிப் போடலாம். செல்லைக் கழற்றினால் புரோகிராம் அழிந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. இன்றைய ரிமோட்டுகளில் அந்த விவரம் மின்சாரம் இல்லாமலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது.

இனி என் கோபத்துக்குக் காரணமான சுவிட்ச். ரப்பர் பட்டனுக்கு அடியில் சர்க்யூட் போர்டில் ஈயம் வைத்து ஒட்டிய, நான்கு கால் கொண்ட சிறு டாக்ட் சுவிட்ச் இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய உலோகக் குமிழ், அமுக்கினால் 'டிக்' என்று தொட வேண்டும். பாக்கெட் வியர்வை, தூசி, சென்னை மாதிரி கடலோர ஊர் என்றால் உப்புக் காற்று என எல்லாம் சேர்ந்து அந்தத் தொடும் இடத்தைக் கறுக்கவைக்கும். அடிக்கடி அழுத்தும் பட்டன்தான் முதலில் போகும். அதனால்தான் ஒரு பட்டன் வேலை செய்து இன்னொன்று மட்டும் முரண்டு பிடிக்கிறது. செல் பலவீனமாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே தளரும். நண்பரின் கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

சோதிப்பது சுலபம். செல்லை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வையுங்கள். சுவிட்சின் நான்கு கால்களில் இரண்டிரண்டு உள்ளுக்குள் எப்போதும் இணைந்தே இருக்கும். அதனால் எதிரெதிர் மூலைக் கால்களைத் தொட்டு அளக்க வேண்டும். அழுத்தாதபோது அமைதி, அழுத்தினால் உடனே பீப். நகத்தால் நசுக்கினால்தான் பீப் வருகிறது, அல்லது ஓம் அளவு நிலையாக நிற்காமல் குதிக்கிறது என்றால் சுவிட்ச் முடிந்தது. இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: சுவிட்ச் அமுங்கிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். புது செல் சில நாட்களிலேயே தீர்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

புது சுவிட்ச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நீள அகலத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். உயரம்தான் முக்கியம், வெர்னியரில் அளந்து கொண்டுபோங்கள். உயரம் அரை மி.மீ. கூடினால் சாவியின் வெளிக்கூடான கேஸை மூடியதும் சுவிட்ச் நிரந்தரமாக அமுங்கிவிடும். குறைந்தால் ரப்பர் போய்த் தொடாது. பழையதை எடுக்கும்போது ஈயம் நன்றாக ஓட உதவும் ஃபிளக்ஸ் பசையைத் தடவி, புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, இரண்டு பக்கமும் மாறி மாறிச் சூடாக்க வேண்டும். ஈயம் முழுக்க இளகுவதற்குள் இடுக்கியால் இழுத்தால் போர்டின் செப்புத் தகடும் கூடவே வந்துவிடும், பிறகு வேலை சிக்கலாகிவிடும். 350 டிகிரி சூடு, ஒரு காலுக்கு மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம். கை நடுங்கும் என்றால் நல்ல மொபைல் ரிப்பேர் கடையில் கொடுங்கள். அவர்களுக்கு இது பத்து நிமிட வேலை.

லைட் ஒவ்வொரு முறையும் பளிச்சென்று எரிகிறது, கார்தான் அசையவில்லை என்றால் கதை வேறு. லைட் எரிவது பட்டனும் செல்லும் சரி என்பதற்குத்தான் சாட்சி, அலை வெளியே போகிறது என்பதற்கு அல்ல. சாவி கல் தரையில் விழுந்திருந்தால் அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் உடைந்திருக்கலாம். சாவிக் கடைகளில் உள்ள ரிமோட் டெஸ்டரில் வைத்தால் நிமிடத்தில் தெரிந்துவிடும். மொபைல் கேமராவில் பார்க்கச் சொல்வார்கள், அது டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிருக்குத்தான் பயன்படும், ரேடியோ அலை கேமராவில் தெரியாது. கிரிஸ்டல் சரியாக இருந்தால், காரின் எட்டாத தூரத்தில் யாராவது பட்டனை விளையாட்டாக அழுத்திக்கொண்டே இருந்திருக்கலாம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ரகசியக் குறியீடு மாறுவதால் சாவியும் காரும் கணக்கில் விலகிவிடும். கார் பக்கத்தில் நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் பல கார்கள் தாமாகவே ஒத்துக்கொள்ளும்.

சாவி வாஷிங் மெஷினுக்குள் போய்வந்தால் உடனே செல்லைப் பிடுங்குங்கள். தண்ணீரை விட, தண்ணீரோடு செல்லும் இருப்பதுதான் போர்டைப் பச்சை பூக்க வைக்கிறது. ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவி, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிடுங்கள். அரிசியில் புதைத்தால் சோப்பு உப்பு போகாது.

இந்தச் சாவியில் மனதார ரசிக்கிற விஷயம் ஒன்று உண்டு. ரிமோட் முழுக்கச் செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். சாவி சரியானதா என்று பார்த்து எஞ்சினை ஓடவிடும் இம்மொபிலைசர் சிப்புக்குச் செல்லே வேண்டாம். இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் அனுப்பும் அலையிலிருந்தே அது தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. நடுராத்திரி, நடுவழி, எங்கே ரிமோட் கைவிட்டாலும் கதவைச் சாவியால் திறந்து கிளம்பிவிடலாம். திறந்ததும் அலாரம் அலறினால் பதற வேண்டாம், இக்னிஷனை ஆன் செய்தால் பெரும்பாலும் அடங்கும். புஷ் ஸ்டார்ட் கார்களிலும் இதே வசதிதான்: பல மாடல்களில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் போதும்.

கேஸ் உடைந்து புது கேஸ் மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்தச் சிப்பைத்தான். சில சாவிகளில் அது போர்டிலேயே இருக்கும். வேறு சிலவற்றில் 12 மி.மீ. நீளத்தில் ஒரு கறுப்புத் துண்டாகக் கேஸின் மூலையில் தனியாகச் செருகியிருக்கும். போர்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கேஸைக் குப்பையில் போட்டால், கதவு ரிமோட்டில் திறக்கும், எஞ்சின் பிடிக்காது, டேஷ்போர்டில் சாவி விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகும்வரை பழைய கேஸைக் கையிலேயே வைத்திருங்கள்.

இவ்வளவு நல்ல சிப்பையும் ரேடியோவையும் கொடுத்தவர்கள் சுவிட்சைத் தனி உதிரிபாகமாக விற்பதில்லை. சுவிட்ச் போனால் சாவி, புரோகிராமிங் கூலி என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். இதை எந்தக் கணக்கிலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ரிமோட்டின் தூரத்தையும் உழைப்பையும் பாராட்டியபடியே சொல்கிறேன்: இன்னொரு சாவி வாங்கும் நிலை வந்தால், பட்டனே இல்லாத, சிப் மட்டும் உள்ள சாதாரணச் சாவியைத்தான் வாங்குவேன். விலையும் குறைவு, கெட்டுப்போக உள்ளே ஒன்றும் இல்லை.

அந்தச் சாவியை நம்புவதற்கு முன் டிரைவர் கதவின் சாவித் துவாரத்தைச் சோதித்துவிடுங்கள். ரிமோட்டிலேயே திறந்து பழகிய கார்களில் அது இறுகிப்போயிருக்கும். கிராஃபைட் பவுடர் கொஞ்சம் ஊதி, மாதம் ஒரு முறை சாவியால் திறந்து மூடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து கெட்டியாகிவிடும்.