எக்ஸ்அரே: ஏற்காட்டு மழைக் கணக்குக்கு எந்த அளவு உதவும், நாம் எழுதும் வசதியை எப்படி ஏற்கும்?

இந்திய வானிலைத் துறையின் கால் டிகிரி மழைத் தரவை எக்ஸ்அரே என்ற பைத்தான் லைப்ரரியில் திறந்து, ஏற்காட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து ‘நியரஸ்ட்’ (அருகிலுள்ள புள்ளி) முறையில் கேளுங்கள். ஓர் எண் வரும். அடுத்து சேலம் நகரத்துக்குக் கேளுங்கள். அதே எண் வரும். எந்த நாளை எடுத்தாலும் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. மேலே ஏற்காடு 1,515 மீட்டர், கீழே நகரம் 278 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் வருகிற யாரும் இரண்டு இடத்திலும் ஒரே மழை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் சுமார் 14 கிலோமீட்டர்தான்; தரவின் ஒரு கட்டமோ 27 கிலோமீட்டர் அகலம். இரண்டுக்கும் அருகிலுள்ள புள்ளி 11.75 வடக்கு, 78.25 கிழக்கு.

இதில் லைப்ரரியின் குற்றம் எதுவும் இல்லை, கேட்டதைக் கொடுத்தது. கேள்வியோடு ‘டாலரன்ஸ்’ (எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்ற எல்லை) 0.05 என்று சேர்த்திருந்தால் ஏற்காடு தேறியிருக்கும், சேலத்துக்குக் கீ-எரர், அதாவது அப்படி ஒன்று இல்லை என்ற பிழை, வந்திருக்கும். நகரத்தின் அட்சரேகை 11.66, புள்ளியிலிருந்து 0.09 டிகிரி தள்ளி இருக்கிறது. தேறிய ஏற்காட்டு எண்ணும் மலையின் மழை அல்ல, கட்டத்தின் மழை என்பதை மறக்கக் கூடாது. அச்சுகளுக்குப் பெயர் வைத்து, நாளையும் இடத்தையும் சொல்லித் தரவை எடுக்கும் வசதிதான் எக்ஸ்அரேயின் முதல் பலம். அந்த வசதியே கவனக்குறைவாகக் கேட்பவருக்குத் தவறான நம்பிக்கையையும் கொடுத்துவிடும்.

ஸ்டீஃபன் ஹோயரும் உடன் இருந்தவர்களும் கிளைமேட் கார்ப்பரேஷனில் எழுதி, 2014இல் திறந்த மூலமாக வெளியிட்டது இது. முதலில் எக்ஸ்ரே என்றிருந்த பெயர் 2016இல் எக்ஸ்அரே ஆனது. 2018 முதல், அறிவியல் மென்பொருள்களுக்குத் துணை நிற்கும் நம்ஃபோக்கஸ் அமைப்பின் ஆதரவில் இருக்கிறது. அப்பாச்சி 2.0 உரிமம், காசு கிடையாது. நம்பை, பாண்டாஸ் என்ற இரண்டு பைத்தான் லைப்ரரிகளின் மேல் நின்றுகொண்டு, வானிலைத் தரவு வரும் நெட்சிடிஎஃப் வகைக் கோப்பின் அமைப்பை அப்படியே நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது.

பயன்படுத்திப் பார்க்கையில் சறுக்குவது பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது, விடுபட்ட தரவு. மழைமானி பழுதாகி ஒரு நாள் முழுக்க வெற்று மதிப்பாகவே இருந்தால், ரீசாம்பிள் செய்து (மணித் தரவை நாள்வாரியாகத் தொகுத்து) ‘சம்’ போட்டதும் அந்த நாள் 0 மில்லிமீட்டர் என்று வரும். வெற்று மதிப்புகளைத் தள்ளிவிட்டுக் கூட்டினால் மிச்சம் பூஜ்யம்தானே. வறண்ட நாளுக்கும் மானி பழுதான நாளுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். ‘மின் கவுண்ட்’ 24 என்று கொடுத்தால், 24 மணிப் பதிவும் இருந்தால்தான் கூட்டும், இல்லையென்றால் வெற்று மதிப்பாகவே விடும். எஸ்டேட் பதிவேட்டிலிருந்து தட்டச்சு செய்த தரவுக்கு இது கட்டாயம். வானிலைத் துறையின் கட்டத் தரவில் விடுபட்ட இடம் -999 என்று இருக்கும். திறந்த கையோடு அது வெற்று மதிப்பாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, நாள் எங்கே தொடங்குகிறது என்பது. நம் நாட்டில் மழை நாள் காலை 8.30க்கு முடிகிறது. யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் அது 03.00 மணி. எக்ஸ்அரேயில் நேர மண்டலம் என்ற ஒன்றே கிடையாது. எண்ணை வைத்துக்கொள்ளும், அது எந்த ஊர் நேரம் என்பதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும். யூடிசி மணித் தரவு என்றால் ரீசாம்பிளில் 24 மணி, ‘ஆஃப்செட்’ 3 மணி, ‘குளோஸ்டு’ ரைட், ‘லேபிள்’ ரைட் என நான்கையும் கொடுங்கள். கடைசி இரண்டை விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, மணிக்கு 1 மில்லிமீட்டர் வீதம் 48 மணித் தரவு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். முதல் பதிவு 04.00, கடைசிப் பதிவு மூன்றாம் நாள் 03.00. சரியான விடை 24, 24. ‘குளோஸ்டு’ கொடுக்காவிட்டால் 23, 24, 1 என்று மூன்று நாள் வரும். மொத்தம் 48தான் என்பதால் ஆண்டுக் கூட்டுத்தொகையில் தப்பு தெரியவே தெரியாது. மாலையிலும் இரவிலும் பெய்கிற நம் கோடை மழையில் இதன் பாதிப்பு குறைவுதான். காலை 8.30 வரை கொட்டுகிற வடகிழக்குப் பருவமழையில் அப்படி இல்லை, கடைசி ஒரு மணி மழைக்கு நாள் மாறிவிடும்.

மூன்றாவது, பருவம். ‘டைம் டாட் சீசன்’ என்று குழு பிரித்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஒன்று, செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஒன்று என நான்கு வரும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் சேர்ந்ததுதான் நமக்கு வடகிழக்குப் பருவம். இந்தப் பிரிப்பு அதை இரண்டாக வெட்டிவிடுகிறது. 2025இல் சேர்ந்த ‘சீசன் குரூப்பர்’, ‘சீசன் ரீசாம்ப்ளர்’ இரண்டும் இந்தக் குறையைத் தீர்த்துவிட்டன. ஜனவரி–பிப்ரவரி, மார்ச்–மே, ஜூன்–செப்டம்பர், அக்டோபர்–டிசம்பர் என்று நாமே பட்டியல் கொடுக்கலாம். ரீசாம்ப்ளர் முழுமையடையாத பருவத்தைத் தானாகவே தள்ளிவிடும். வேண்டுமென்றால் அதை நிறுத்திவைக்கவும் வழி உண்டு. நம் ஊர் ஆய்வு மாணவர்கள் பழைய பதிப்பிலேயே மாதங்களைக் கையால் பிரித்துக்கொண்டிருந்தால், இந்த ஒரு வசதிக்காகவே பதிப்பை மாற்றலாம்.

நினைவகத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. தீர்க்கரேகை 135, அட்சரேகை 129, நாள் 365. எண்ணுக்கு 4 பைட் என்றால் ஓர் ஆண்டு சுமார் 25 எம்பி. நூறு ஆண்டு 2.5 ஜிபி. கணக்கின் நடுவில் எண்கள் 8 பைட்டாக மாறினால் 5 ஜிபி ஆகி, 8 ஜிபி மடிக்கணினி திணறும். திறக்கும்போதே ‘சங்க்ஸ்’ என்று ஆண்டுவாரியாகப் பிரித்து, பகுதி பகுதியாகக் கணக்கிடும் டாஸ்க் லைப்ரரியிடம் விட்டால், கல்லூரி ஆய்வகத்துப் பழைய கணினியிலும் வேலை நடக்கும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிலையங்களின் அச்சில் ‘கொண்டப்பநாயக்கன்பட்டி’ என்று தமிழிலேயே எழுதலாம், எக்ஸ்அரே ஏற்கும். ஆனால் ‘கொ’ என்பதை ஒற்றை ஒகரக் குறியாகவும் தட்டலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்று, பைத்தானுக்கு இரண்டும் வேறு. ஒரு விசைப்பலகையில் சேமித்து வேறு விசைப்பலகையில் தேடினால் கீ-எரர் வரும், காரணம் கண்ணுக்குத் தெரியாது. தரவை ஏற்றும்போதே ‘யூனிகோட் டேட்டா’ தொகுதியின் நார்மலைஸ் கொண்டு எல்லாப் பெயரையும் என்எஃப்சி (ஒற்றைக் குறியாகச் சேர்ந்த) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இனி, நாமே ஒரு வசதியை எழுதிச் சேர்ப்பது. இந்த விஷயத்தில் எக்ஸ்அரே, அறிவியல் லைப்ரரிகளில் மிகக் கண்டிப்பானவற்றுள் ஒன்று. அந்தக் கண்டிப்பு நல்லது என்பதுதான் எங்கள் கருத்து. பல ஆயிரம் பேரின் கணக்கு இதன்மேல் நிற்கிறது.

எழுதத் தொடங்குமுன் கேட்க வேண்டியது, அது லைப்ரரிக்கு உள்ளே போக வேண்டிய விஷயமா என்பதுதான். சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் கோடை மழை ஓர் அங்குலம் பெய்தால் பூப்பு. அதற்குப் பிறகு சில வாரங்களில் வரும் மழையைப் பொறுத்தது காய். ‘முதல் 25 மில்லிமீட்டர் நாளிலிருந்து இத்தனை நாள்’ என்று குழு பிரிக்கும் வசதி தோட்டக்காரருக்கு அருமையானது. ஆனால் அதை லைப்ரரிக்குள் சேர்க்க அனுப்பினால் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. அதற்கென்றே வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். ‘குரூப்பர்’ வகுப்பிலிருந்து சொந்த வகுப்பு ஒன்றை எழுதி, அதில் ‘ஃபேக்டரைஸ்’, ‘ரீசெட்’ என்ற இரண்டு செயல்களைக் கொடுத்தால் போதும். ஃபேக்டரைஸ் தர வேண்டியது, ஒவ்வொரு நாளும் எந்தக் குழு என்பதற்கு ஓர் எண், எந்தக் குழுவிலும் சேராத நாளுக்கு -1. அந்த வகுப்பை அப்படியே ‘குரூப்பை’க்குக் கொடுக்கலாம், லைப்ரரியின் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம். இன்னும் எளிதாக வேண்டும் என்றால் ‘அக்ஸசர்’ பதிவு செய்யலாம், அதாவது தரவின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து அழைக்கும் சொந்தச் செயல்தொகுப்பு. பைத்தான் தமிழ்ப் பெயரை ஏற்பதால் அதற்கு ‘மழை’ என்றே பெயரிடலாம்.

எல்லோருக்கும் பொதுவானது என்று உறுதியாகத் தெரிந்தால், முதலில் கிட்ஹப்பில் இஷ்யூ (குறையையோ யோசனையையோ சொல்லும் பதிவு) திறங்கள். ஐந்தாறு வரியில் ஓடக்கூடிய எடுத்துக்காட்டு, இப்போது வரும் விடை, வர வேண்டிய விடை. மேலே சொன்ன 48 மணி எடுத்துக்காட்டு மாதிரி சிறியதாக இருக்கட்டும். நூறு எம்பி கோப்பை இணைத்தால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். செயலின் பெயர், உள்ளீடுகளின் பெயர் இரண்டிலும் ஒப்புதல் வந்த பிறகு குறிமுறையைத் தொடுங்கள். அறுநூறு வரி எழுதிவிட்டுப் பெயரை மாற்றச் சொன்னால் மனது விட்டுப்போகும்.

ஃபோர்க் செய்து (கிட்ஹப்பில் நம் பெயரில் நகல்) குளோன் (நம் கணினியில் நகல்) எடுத்ததும், மூலக் களஞ்சியத்தை ‘அப்ஸ்ட்ரீம்’ என்று சேர்த்து அதன் டேக்குகளையும் (பதிப்புகளின் அடையாளங்கள்) இழுங்கள். பலர் விட்டுவிடுவது இதுதான். டேக் இல்லாவிட்டால் நிறுவும்போது பதிப்பு எண் தாறுமாறாக அமைந்து, பதிப்பைப் பார்த்து நடக்கும் மற்றப் பொதிகள் குழம்பும். சூழலை அமைக்க நூற்றுக்கும் மேற்பட்ட பொதிகள் இறங்கும். மலையில் கைபேசி இணையத்தில் இதைத் தொடங்க வேண்டாம். கீழே நல்ல இணைப்பில் ஒரு முறை முடித்துக்கொண்டால் பிறகு மேலே உட்கார்ந்து வேலை செய்யலாம்.

சோதனைகளை முழுதாக ஓட்டினால் சாதாரண மடிக்கணினி நெடுநேரம் திணறும். தொட்ட கோப்புக்கான சோதனையை மட்டும் பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் பெயர் சொல்லி ஓட்டுங்கள், மிச்சத்தைக் கிட்ஹப்பின் கணினிகள் பார்த்துக்கொள்ளும். எதிர்பார்க்கும் விடையைக் கையால் எழுதுங்கள்: 24, 24. அதே செயலைக் கொண்டு விடையையும் கணக்கிட்டு ஒப்பிடுவது சோதனையே அல்ல. பெயரும் அலகும்கூடப் பொருந்த வேண்டும் என்றால் ‘அசர்ட் ஐடென்டிகல்’, தசமப் பிசிறு வரும் இடத்தில் ‘அசர்ட் ஆல்குளோஸ்’.

புல் ரிக்வஸ்ட் (நம் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) சிவப்பாவதற்கு, அதாவது சோதனையில் தோற்பதற்கு, பெரும்பாலும் நான்கு காரணங்கள். செயலின் நடுவில் எங்கோ ‘டாட் வேல்யூஸ்’ என்று எழுதியிருப்பீர்கள். டாஸ்க் தரவு முழுவதும் அந்த இடத்திலேயே நினைவகத்துக்கு வந்துவிடும். இதைப் பிடிக்கவே ‘ரெய்ஸ் இஃப் டாஸ்க் கம்ப்யூட்ஸ்’ என்ற பொறியைச் சோதனைக் கோப்புகளில் வைத்திருக்கிறார்கள். அடுத்தது நாள்காட்டி: பாண்டாஸ் தேதியில் ஓடியது, மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொள்ளும் காலநிலை மாதிரிகளின் 360 நாள் நாள்காட்டியில் விழுந்துவிடும். மூன்றாவது பழைய பதிப்புகள். பைத்தானுக்கு 30 மாதம், நம்பைக்கு 18 மாதம், மற்றவற்றுக்கு 12 மாதம் வரை பழைய பதிப்பிலும் ஓட வேண்டும் என்பது இவர்கள் விதி. உங்கள் கணினியில் இருக்கும் புத்தம்புதிய பாண்டாஸின் வசதியை நம்பி எழுதினால் அங்கே நிற்கும். நான்காவது, சைபை போல விருப்பத் தேவையான பொதி இல்லாத சூழலிலும் சோதனை ஓடும் என்பதை மறப்பது. அந்தச் சோதனையின் தலையில் ‘ரிக்வயர்ஸ் சைபை’ என்று போட்டால் தீர்ந்தது. குறிமுறையின் நடையையும் வகைகளையும் சரிபார்க்கும் ரஃப், மைபை இரண்டும் சொல்லும் குறைகளை இங்கே எண்ணவில்லை. சேமிக்கும் முன்பே சரிபார்க்கும் ப்ரீ-கமிட்டை முதலிலேயே நிறுவினால் பாதி அப்போதே சரியாகிவிடும்.

மில்லிமீட்டர் என்ற அலகு கணக்குக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருக்குமா என்பது தனிக் கேள்வி. அலகு போன்ற குறிப்புகளை வைத்திருக்கச் சொல்லும் ‘கீப் அட்ர்ஸ்’ என்ற உள்ளீடு என்ன செய்ய வேண்டும் என்பதை இயல்புநிலைக்கு விடாமல் வெளிப்படையாக எழுதி, அதற்கும் ஒரு சோதனை வையுங்கள்.

ஆவணத்தில் மூன்று இடம் தொட வேண்டும்: செயலின் விளக்கக் குறிப்பு, ஏபிஐ பட்டியல், ‘வாட்ஸ் நியூ’ கோப்பு. விளக்கக் குறிப்பில் கொடுக்கும் எடுத்துக்காட்டும் ஓட்டிப் பார்க்கப்படும், எனவே விடையை ஒட்டும்போது இடைவெளிகூடப் பிசகக் கூடாது. ‘வாட்ஸ் நியூ’வில் எல்லோரும் ஒரே இடத்தில் எழுதுவதால் இரண்டு வாரத்தில் ஒரு மோதலாவது வரும், இரண்டு வரியையும் வைத்துக்கொண்டு குறியீடுகளை மட்டும் அழித்தால் போதும்.

காத்திருப்புதான் இப்படிப் பங்களிப்பதன் உண்மையான விலை. நம் மாற்றத்தைப் பார்வையிடுகிறவர்களில் பலர் சொந்த வேலைக்கு நடுவில் நேரம் ஒதுக்குகிறவர்கள். ஐம்பது வரி மாற்றத்துக்குச் சீக்கிரம் பதில் வரும். உள்கட்டமைப்பைத் தொடும் மாற்றம் மாதக்கணக்கில் கிடக்கலாம். செமஸ்டர் திட்டமாக இதை எடுக்கும் சேலத்து மாணவர்கள் ‘இணைக்கப்பட்டது’ என்பதை மதிப்பெண்ணுக்கு நிபந்தனையாக வைத்துக்கொள்ளாமல் வழிகாட்டியிடம் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. தொடங்குகிறவர்களுக்கு நாங்கள் காட்டுவது ஆவணத்தைத்தான். காலை 8.30 மழை நாளுக்கு ரீசாம்பிள் செய்வதை 48 மணி எடுத்துக்காட்டோடு எழுதினால், 23, 24, 1 என்ற விடையை நம்பிக்கொண்டிருக்கும் எத்தனையோ பேருக்கு உதவும்; வழியெல்லாம் அதே ஃபோர்க், அதே கிளை, அதே புல் ரிக்வஸ்ட்தான்.

இணைந்த பிறகு அடுத்த வெளியீடு வரும்வரை, ஆய்வுக்கட்டுரைக்கான கணக்கு ஓடும் சூழலில் வளர்ச்சிப் பதிப்பை நிறுவ வேண்டாம். சொந்த வகுப்பையே அங்கே வைத்திருங்கள். வெளியீடு வந்ததும் ஒரே தரவில் இரண்டையும் ஓட்டி, விடை ஒன்றாக இருந்தால் உங்கள் வகுப்பை எடுத்துவிடலாம்.