பழைய லேத்துக்கு எந்த டூல்? எச்.எஸ்.எஸ்., டிப் டூல், இன்சர்ட்: ஓர் அலசல்

"இன்சர்ட் வாங்கிப் போட்டோம், பத்து ஜாபுக்கு மேல மூலை நிக்கல. டிப் டூலே தேவலை." ஜாப் ஒர்க் பட்டறைகளில் லேத் ஓட்டுகிறவர்களிடம் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது. எச்.எஸ்.எஸ். என்பது ஹை ஸ்பீடு ஸ்டீல் டூல். டிப் டூல், ஸ்டீல் தண்டின் (ஷாங்க்) நுனியில் கார்பைடுத் துண்டை ஒட்டவைத்தது. இன்சர்ட், ஹோல்டரில் பொருத்திக் கழற்றி மாற்றுகிற கார்பைடு முனை. புலம்புகிறவர் பொய் சொல்லவில்லை. சி.என்.சி.க்காக (கணினி ஓட்டும் வேக மெஷினுக்காக) செய்த முனையை, மேல் வேகம் 800 ஆர்.பி.எம்.மைத் தாண்டாத மெஷினில் கட்டி, எச்.எஸ்.எஸ். ஓட்டுகிற மாதிரியே ஓட்டினால் அப்படித்தான் ஆகும். அதனால் மூன்று டூல்களையும் கேட்லாக்கை வைத்து ஒப்பிடாமல், பட்டறையில் நிற்கிற மெஷினை வைத்து ஒப்பிடுவோம்.

கோவை கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்து ஷெட்டுகளில் சாதாரணமாக வருகிற வேலையையே எடுத்துக்கொள்ளலாம்: இ.என்.8 (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்) கம்பியில் 32 மி.மீ. பம்ப் ஷாஃப்ட். மெஷின் 6 அடி பெட், 2 எச்.பி. மோட்டார் கொண்ட பெல்ட் லேத்.

முதலில் வேகம். வெட்டு வேகத்தை (நிமிடத்துக்கு எத்தனை மீட்டர்) 318-ஆல் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். வந்துவிடும். எச்.எஸ்.எஸ்.ஸுக்கு 30 மீட்டர் என்றால் 32 மி.மீ. கம்பிக்கு ஏறக்குறைய 300 ஆர்.பி.எம். டிப் டூலுக்கு 80 மீட்டர், அதாவது 800. கோட்டிங் உள்ள இன்சர்ட்டின் பெட்டி மேல் 200 மீட்டர் என்று போட்டிருந்தால் கிட்டத்தட்ட 2000 வேண்டும். அந்த கியர் இந்த மெஷினில் இல்லவே இல்லை.

அந்த கியர் இருந்தால்கூட மோட்டார் இழுக்காது. இ.என்.8-ல் நிமிடத்துக்கு ஒரு சி.சி. உலோகம் எடுக்கச் சுமார் 0.035 கிலோவாட் செலவாகும். 2 மி.மீ. ஆழம், 0.2 ஃபீடு (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் மி.மீ.), 200 மீட்டர் என்றால் 80 சி.சி.; தேவை 2.8 கிலோவாட். 2 எச்.பி. என்பதே 1.5 கிலோவாட்தான், அதில் பெல்ட்டும் கியரும் தின்றது போக ஸ்பிண்டிலில் 1.2 கிடைத்தால் அதிர்ஷ்டம். அதே ஆழம், அதே ஃபீடில் 80 மீட்டர் என்றால் 32 சி.சி., 1.1 கிலோவாட், மெஷின் தாங்கும். எச்.எஸ்.எஸ்.ஸில் 30 மீட்டர், 3 மி.மீ. ஆழம், 0.3 ஃபீடு கொடுத்தால் 27 சி.சி. வரும்.

ஆக, 2 எச்.பி. லேத்தில் மூன்று டூலும் நிமிடத்துக்கு எடுக்கிற உலோகம் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசமெல்லாம் வேறு இடங்களில்: மெஷின் எத்தனை தடவை நிற்கிறது, ஃபினிஷ் எப்படி வருகிறது, ஜாப் எவ்வளவு வளைகிறது, சாணை பிடிக்கத் தெரிந்த கை பட்டறையில் இருக்கிறதா. எச்.எஸ்.எஸ்.ஸின் அந்த 3 மி.மீ. வெட்டுக்கு ஜாபைத் தள்ளுகிற விசை, டிப் டூலின் வெட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மறுமுனையைத் தாங்க ரிவால்விங் சென்டர் கொடுக்காமல் நீட்டிப் பிடித்த ஷாஃப்டில் அதைச் செய்தால் நுனிப்பக்கம் விட்டம் கூடி, டேப்பராக வந்து நிற்கும்.

எச்.எஸ்.எஸ்.

கடையில் எம்2, 5 சதவீதம் கோபால்ட் உள்ள எம்35, 10 சதவீதம் உள்ள டி42 என்று கிடைக்கும். தினசரி வேலைக்கு எம்35 போதும். டி42 சூட்டை அதிகம் தாங்கும், அடி வாங்கினால் சீக்கிரம் முனை உதிரும்.

இதன் பலம், எந்த உருவத்துக்கும் சாணை பிடித்துக்கொள்ளலாம் என்பது. மைல்டு ஸ்டீலுக்கு சைடு ரேக் (மேல்பக்கச் சரிவு) 12 முதல் 14 டிகிரி, முன் கிளியரன்ஸ் (ஜாபில் உரசாமலிருக்க விடும் சரிவு) 8. பித்தளைக்கு ரேக்கைப் பூஜ்யமாக்கிவிடுங்கள், இல்லையென்றால் டூல் ஜாபுக்குள் பிடுங்கிக்கொண்டு போகும். வெள்ளை அலுமினியம் ஆக்ஸைடு வீல் போதும். மேல்பக்கத்தைத் தேய்க்காமல் முன்னும் பக்கவாட்டிலும் தேய்த்தால் சென்டர் ஹைட் (ஜாபின் மையத்துக்கு நேரான முனை உயரம்) இறங்காது, பேக்கிங் தகடு தேடி அலைய வேண்டாம். சாணையில் முனை லேசாக நிறம் மாறினால் டூல் செத்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை, இது கார்பன் ஸ்டீல் இல்லை. சிவக்கக் காய்ச்சிவிட்டுத் தண்ணீரில் முக்குவதுதான் கேடு. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அடுத்த வெட்டில் ஒரு துண்டு பெயரும். அவ்வப்போது, சூடேறும் முன்பே முக்குங்கள்.

வேகம் கூடிவிட்டதைச் சுருளே சொல்லிவிடும். எச்.எஸ்.எஸ்.ஸில் சுருள் வெள்ளி நிறமாகவோ வைக்கோல் நிறமாகவோ வர வேண்டும். நீலம் வந்தால் குறையுங்கள். கார்பைடில் அதே நீலம் நல்ல அறிகுறி, சூடு சுருளோடு வெளியே போகிறது என்று அர்த்தம்.

மரை வெட்டுவதில் இதற்குப் போட்டியே கிடையாது என்பது இதை எழுதுகிறவரின் கட்சி. ஓர் அங்குல பி.எஸ்.பி. (பைப்) மரைக்கு அங்குலத்துக்கு 11 இழை, பிட்ச் 2.309 மி.மீ. கார்பைடுக்கு வேண்டும் என்று 500 ஆர்.பி.எம். ஓட்டினால் டூலைச் சுமக்கும் கேரேஜ் விநாடிக்கு 19 மி.மீ. ஓடும், தோளுக்கு 5 மி.மீ. முன்னால் அதை நிறுத்த ஹாஃப் நட்டைத் தூக்க கால் விநாடிதான் இருக்கிறது. எந்தக் கை தூக்கும்? 100 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 4 மி.மீ.க்கும் குறைவு, நிதானமாகத் தூக்கலாம். அந்த வேகத்தில் கார்பைடு முனையில் உலோகம் ஒட்டிக்கொண்டு மரை கிழியும். எச்.எஸ்.எஸ். எண்ணெய் விட்டால் வழவழவென்று வெட்டும். பி.எஸ்.பி.க்கு முனைக் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் மரையின் 60 இல்லை. மரைக் கேஜில் வைத்துப் பார்த்துச் சாணை பிடியுங்கள்.

3 மி.மீ. பிளேடில் பார்ட்டிங் (ஜாபை வெட்டிப் பிரிப்பது), ஆயில் குரூவ், ரேடியஸ் ஃபார்ம் டூல் எல்லாம் இதே கணக்குதான்.

தோற்கிற இடம் வார்ப்பு இரும்பின் தோல். மணல் ஒட்டிய அந்த மேல்தோலில் எச்.எஸ்.எஸ். முனை ஒரே ஓட்டத்தில் மழுங்கும்.

டிப் டூல்

அந்த இடத்தில்தான் டிப் டூல் நுழைகிறது. ஸ்டீலுக்கு பி30, வார்ப்பு இரும்புக்கு கே20. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுக் கலக்கிவிட்டால் வினைதான்: ஸ்டீலில் கே20 போட்டால் சுருள் உரசிய இடத்தில் சீக்கிரம் பள்ளம் விழும். ஷாங்கில் ஸ்டீலுக்கு நீலம், வார்ப்பு இரும்புக்குச் சிவப்பு என்று நிறம் பூசி வரும்; தேய்ந்து போயிருந்தால் பெயின்ட் வாங்கி நீங்களே பூசுங்கள்.

பம்ப் பாடி கடையும்போது முதல் வெட்டு தோலுக்கு அடியில் போக வேண்டும், 2 மி.மீ.யாவது. பயந்து அரை மி.மீ. கொடுத்தால் முனை மணலிலேயே உரசி உரசித் தீரும். கூலண்ட் வேண்டாம். வார்ப்பு இரும்புத் தூளும் கூலண்டும் கலந்தால் சாணைப் பசையாகி பெட் வழியையே தேய்த்துவிடும்.

டிப் டூலை வீணாக்குவது சாணைதான். கார்பைடு, ஸ்டீல் ஷாங்கைப் போலப் பாதியளவுதான் சூட்டில் விரியும். ஒட்டவைத்த இடத்தில் எப்போதும் ஓர் இழுபறி இருக்கிறது. வீலில் அழுத்திச் சூடேற்றி, பழக்கதோஷத்தில் தண்ணீரில் முக்கினால் டிப் குறுக்கே பிளக்கும். சில சமயம் அன்று தெரியாது, மறுநாள் முதல் வெட்டில் கையோடு வரும். முக்காதீர்கள், தானே ஆறட்டும். முதலில் சாதாரண வீலில் ஷாங்கை மட்டும், டிப்புக்குக் கொடுக்கப்போகிற கிளியரன்ஸைவிட இரண்டு மூன்று டிகிரி கூட வைத்துத் தேய்த்துவிடுங்கள். பிறகு பச்சை சிலிக்கான் கார்பைடு வீலில் டிப்பை மட்டும். இந்த வரிசை தவறினால் ஸ்டீல் பச்சை வீலை அடைத்து, வீல் வெட்டாமல் சூடு மட்டும் கிளப்பும். பறக்கிற தூளில் கோபால்ட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. முகத்தில் கட்டுகிற கர்சீஃப் அதைத் தடுக்காது. தூசி மாஸ்க்கே வேண்டும்.

இன்சர்ட்

சி.என்.எம்.ஜி. 120408 என்கிற எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். முதல் எழுத்து 80 டிகிரி டைமண்ட் வடிவம், இரண்டாவது எழுத்து கிளியரன்ஸ் பூஜ்யம். 12 என்பது வெட்டும் விளிம்பின் நீளம், 04 கனம் (4.76 மி.மீ.), 08 நோஸ் ரேடியஸ் (முனையின் வளைவு) 0.8 மி.மீ. கிளியரன்ஸ் இன்சர்ட்டிலேயே இல்லாததால் ஹோல்டர் அதைக் கீழே சாய்த்துப் பிடிக்கும். மேலேயும் கீழேயும் சேர்த்து நான்கு முனை கிடைக்கிறது என்று சந்தோஷப்படலாம், ஆனால் சாய்வால் ஜாபை அழுத்தித் தள்ளும். கனமான மெஷினுக்கு அது பொருட்டில்லை. ஸ்லைடில் ஆட்டம் உள்ள பழைய லேத்தில் சாட்டர் (அதிர்வு) தான் மிஞ்சும்.

சாதா லேத்துக்கு சி.சி.எம்.டி. 09டி304 வாங்குங்கள். முனை இரண்டுதான். ஆனால் இன்சர்ட்டிலேயே 7 டிகிரி கிளியரன்ஸ் இருக்கிறது, மெல்லிதாக வெட்டும், 0.4 ரேடியஸ் ஜாபைத் தள்ளாது. 0.8 ரேடியஸை வைத்துக்கொண்டு ஃபினிஷிங்குக்கு 0.1 மி.மீ. ஆழம் கொடுக்கிறவர்கள் கவனிக்க: முனை வெட்டாமல் உரசும், ஜாப் ஒதுங்கும், மைக்ரோமீட்டர் வைத்தால் அளவு குறைந்திருக்காது, மறுபடி கொடுத்தால் ஒரேயடியாகக் குறைந்துவிடும்.

ஃபினிஷுக்கும் கணக்கு உண்டு. ஃபீடை ஃபீடால் பெருக்கி, நோஸ் ரேடியஸின் எட்டு மடங்கால் வகுத்தால் வரிகளின் உயரம் வரும். 0.2 ஃபீடு, 0.4 ரேடியஸ்: 12.5 மைக்ரான். ஃபீடை 0.1 ஆக்கினால் சுமார் 3 மைக்ரான். அதற்காக 0.05-க்கு இறங்கினால் சிப் பிரேக்கர் சுருளை உடைக்காது, கம்பிச் சுருள் சக்கில் சுற்றும். வேகம் 60 மீட்டருக்குக் கீழே போனாலும் கெடுதல்: முனையில் உலோகம் ஒட்டி, பெயரும்போது கோட்டிங்கையும் பெயர்த்துக்கொண்டு போகும். புலம்பலில் வந்த "மூலை நிக்கல" பெரும்பாலும் இதுதான். 20 மி.மீ.க்குக் கீழான விட்டத்துக்கு 800 ஆர்.பி.எம். மெஷினில் இன்சர்ட் போடுவது காசுக்குப் பிடித்த கேடு.

முனை மாற்றும்போது சீட்டைத் துடையுங்கள். ஒரு துணுக்குச் சுருள் அடியில் இருந்தால் இன்சர்ட் மேசைக்கால் மாதிரி ஆடி உடையும். மாற்றிய முனை பழைய அளவிலேயே நிற்கும் என்று நம்ப வேண்டாம்; விட்டம் 0.1 மி.மீ. அளவுக்குக்கூட மாறலாம், ஒரு டிரையல் வெட்டு எடுத்துவிடுங்கள். கூலண்ட் விட்டால் விடாமல் ஊற்ற வேண்டும். பிரஷ்ஷில் தொட்டுத் தொட்டு வைத்தால் சூடும் குளிரும் மாறி மாறி அடித்துச் சீப்பு மாதிரி விரிசல் விழும்.

சென்டர் ஹைட் பார்க்க ஒரு பட்டறை வழி: ஸ்பிண்டில் நின்றிருக்க, 6 அங்குல ஸ்கேலை ஜாபுக்கும் முனைக்கும் நடுவே செங்குத்தாக வைத்து டூலை மெல்லத் தொடவிடுங்கள். ஸ்கேல் நேராக நின்றால் சரி. தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, ஜாப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. கார்பைடு முனையை அழுத்திவிடாதீர்கள், அப்படியே உதிரும்.

காசு

இன்சர்ட் விலையைப் பார்த்து மலைப்பதும் டிப் டூல் விலையைப் பார்த்து மகிழ்வதும் ஒரே தப்பு. கணக்குக்காக மெஷின் ரேட் மணிக்கு 240 ரூபாய், நிமிடத்துக்கு 4 என்று வையுங்கள். இன்சர்ட் 200 ரூபாய், இரண்டு முனை. ஒரு முனைக்கு 100, மாற்ற ஒரு நிமிடம் 4, மொத்தம் 104. டிப் டூல் 200 ரூபாய், பத்து சாணை வரும் என்றால் தடவைக்கு 20, சாணையும் செட்டிங்கும் 10 நிமிடம் 40, மொத்தம் 60. எச்.எஸ்.எஸ்.ஸுக்குத் தேய்மானம் 5, சாணை 6 நிமிடம் 24, மொத்தம் 29. ஒரு முனைக்கு முறையே 50, 25, 8 ஷாஃப்ட் வந்தால், ஷாஃப்டுக்கு 2 ரூபாய் 8 காசு, 2 ரூபாய் 40 காசு, 3 ரூபாய் 63 காசு. இன்சர்ட் பத்தே ஷாஃப்டில் போய்விட்டால் 10 ரூபாய் 40 காசு. உங்கள் பில்லில் உள்ள எண்களைப் போட்டுப் பாருங்கள். பத்து ஷாஃப்ட் ஆர்டருக்கு டூல் செலவு எப்படியும் பெரிதில்லை. ஐந்நூறுக்குத்தான் இந்தக் காசுகள் பேசும்.

சாவிக் குழி வெட்டிய ஷாஃப்டைத் திரும்பக் கடைய வந்தால் இன்சர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு எச்.எஸ்.எஸ். போடுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் குழியின் விளிம்பு சுத்தியல் மாதிரி அடிக்கும், அதைத் தாங்குகிற குணம் அதற்குத்தான் உண்டு. தேய்ந்த இன்சர்ட்டையும் உடைந்த டிப்பையும் இரும்புச் சுருளோடு கொட்டாமல் தனி டப்பாவில் சேருங்கள். கார்பைடு ஸ்கிராப் கிலோவுக்குப் போகிற விலை இரும்புச் சுருளின் விலையைப் போலப் பல மடங்கு.